‘வயது போனவர்’, ‘கொஞ்சம் வயது போனவர்’: ஜேர்மன் ‘எல்ற்றர்’ பற்றி வாசகர் கேள்விகள்

ஜேர்மன் படிக்கும் வாசகர்களின் கேள்விகள் இம்முறை ஒரே சொல்லைச் சுற்றியே வந்திருக்கின்றன. ‘அல்ற்’ என்றால் வயதான, பழைய. அதன் ஒப்பீட்டு வடிவம் ‘எல்ற்றர்’. எழுதும்போது முதலில் வரும் ‘அ’ எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வைக்க வேண்டும். இச்சொல்லை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டால் ஜேர்மன் ஒப்பீட்டில் பாதி விளங்கிவிடும் என்பதால், எல்லாக் கேள்விகளையும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம்.

உச்சரிப்பு பற்றி ஒரு சொல். நம்மூரில் ‘மீற்றர்’ என்று எழுதுவோமே, அந்த ‘ற்ற’ ஜேர்மன் ஒலிக்கு மிகக் கிட்ட நிற்கிறது. ‘ட்ட’ என்று நாக்கை மேலண்ணத்துக்கு மடிக்கக் கூடாது. கடைசி ‘ர்’ எழுத்தில் மட்டுமே இருக்கும். வாயில் அது மெல்லிய ‘அ’வாகக் கரைந்துவிடும். ‘எல்ற்ற’ என்று சொல்லி நிறுத்தினாலே சரிக்குக் கிட்ட வந்துவிடுவீர்கள்.

கேள்வி (வெள்ளவத்தை): ‘எல்ற்றர்’ என்றால் ‘வயது கூடிய’ என்றுதான் படித்தோம். ஆனால் ‘அய்ன் எல்ற்றரர் ஹெர்’ என்பவர் ‘அய்ன் அல்ற்றர் ஹெர்’ என்பவரை விட வயது குறைந்தவர் என்று வகுப்பில் சொல்கிறார்கள். கூட்டிச் சொல்ல வேண்டிய சொல் எப்படிக் குறைத்துச் சொல்லும்?

வகுப்பில் சொன்னது சரி. (‘ஹெர்’ என்றால் ‘ஐயா’.) முதலாமவர் கொஞ்சம் வயது போனவர்; இரண்டாமவர் வயது போனவர்.

பத்து வயதுப் பிள்ளையொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு ஏழு வயதில் ஒரு தம்பி. ‘ஸீ இஸ்ட் எல்ற்றர் அல்ஸ் ஈர் ப்ரூடர்’, அதாவது ‘அவள் தம்பியிலும் பார்க்க மூத்தவள்’ என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அவள் வயதானவள் அல்லவே. ஆக, ‘எல்ற்றர்’ என்ற சொல் ஒருவரை வயதானவர் என்று ஒருபோதும் சொல்வதில்லை. ஏதோ ஒரு புள்ளியைத் தாண்டி முதுமைப் பக்கம் நிற்கிறார் என்று மட்டுமே அது சொல்கிறது. எந்தப் புள்ளி என்பதுதான் கேள்வி.

‘அல்ஸ்’ என்ற சொல் வந்தால், அதற்குப் பின்னால் வருபவரே அந்தப் புள்ளி. ‘அல்ஸ்’ வராமல், சுற்றிவர ஒப்பிடுவதற்கும் யாரும் இல்லாவிட்டால், ஜேர்மன்காரர் எதிர் முனையிலிருந்து அளக்கத் தொடங்குகிறார். ‘யுங்’, அதாவது இளமை என்பது அந்த முனை. ‘இளமையிலிருந்து விலகி முதுமைப் பக்கம் வந்துவிட்டார், இன்னும் முதுமைக்குள் போகவில்லை’ என்பதே ‘எல்ற்றரர் ஹெர்’. கொள்ளுப்பிட்டியில் பஸ் ஏறிக் காலி வீதியால் தெற்கே போகும் ஒருவர் ‘தெஹிவளைப் பக்கம் வந்துவிட்டேன்’ என்று தொலைபேசியில் சொன்னால், அவர் வெள்ளவத்தையைத் தாண்டிக்கொண்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்வோம். தெஹிவளையில் இறங்கிவிட்டார் என்று எடுக்க மாட்டோம். அதே கணக்குத்தான்.

நான்கு பெண்களை இளமையிலிருந்து முதுமைக்கு வரிசையாக நிறுத்தினால் இப்படி வரும்: அய்னெ யுங்ஙெ ஃப்ராவ், அய்னெ யுங்ஙெரெ ஃப்ராவ், அய்னெ எல்ற்றரெ ஃப்ராவ், அய்னெ அல்ற்றெ ஃப்ராவ். இளம்பெண், ஓரளவு இளம்பெண், கொஞ்சம் வயது போன பெண், வயது போன பெண். இரண்டாவதைக் கவனியுங்கள். ‘யுங்ஙெரெ’ என்பது ‘இன்னும் இளைய’ என்ற ஒப்பீட்டு வடிவம்தான். ஆனால் இந்த வரிசையில் அவர் ‘யுங்ஙெ’ பெண்ணை விட மூத்தவர். இந்த வரிசையை நாலைந்து தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பிறகு மறக்காது. (‘ங்ங’ ஒலியில் ‘க’ கலக்கக் கூடாது. ‘அங்ஙனம்’ என்று சொல்லும்போது வருகிற அதே ஒலி.)

இது வயதுக்கு மட்டும் உரியதல்ல. ‘லாங்ஙெ ட்ஸைற்’ என்றால் நீண்ட காலம். ‘லெங்ஙெரெ ட்ஸைற்’ என்றால் ஓரளவு நீண்ட காலம், முன்னதை விடக் குறைவு. வைத்தியர் ‘ஹாபன் ஸீ டஸ் ஷோன் லெங்ஙர்?’ என்று கேட்டால், ‘எதை விட நீளமாக?’ என்று யோசித்துத் திணற வேண்டாம். ‘இது கொஞ்ச நாளாகவே இருக்கிறதா?’ என்றுதான் கேட்கிறார். ‘அய்னெ க்லைனெரெ ரெபராட்டூர்’ என்றால் சின்னத் திருத்த வேலை. ‘அய்னெ க்ரோஸெரெ ஸும்மெ’ என்றால் கணிசமான தொகை. பெருந்தொகை என்று மொழிபெயர்த்தால் கூடிவிடும். ‘அய்ன் எல்ற்றரெஸ் அவ்ற்றோ’ கொஞ்சம் பழைய கார். பழங்கால வாகனம் என்று நினைத்துவிடக் கூடாது.

எல்லாப் பெயரடைக்கும் இந்தக் குணம் இல்லை. இரண்டு முனையுள்ள கோட்டில் அளக்கக்கூடியவற்றுக்கே பெரும்பாலும் வரும்: இளமை–முதுமை, பெரிது–சிறிது, நீளம்–குட்டை, புதிது–பழையது. ‘ஷோன்’, அதாவது அழகு, அப்படிப்பட்டதல்ல. ‘அய்ன் ஷோனெரெஸ் ஹவுஸ்’ என்றால் ‘எந்த வீட்டை விட?’ என்றே கேட்பவர் எதிர்பார்ப்பார்.

பெயர்ச்சொல்லின் முன்னால் நிற்கும்போதுதான் இந்த மென்மை இயல்பாக வரும் என்பதையும் கவனிக்க வேண்டும். ‘டேர் ஹெர் இஸ்ட் எல்ற்றர்’ என்று வாக்கியத்தை மொட்டையாக முடித்தால் ‘யாரை விட?’ என்ற கேள்வி தொங்கி நிற்கும். அங்கே ‘ஷோன்’ அல்லது ‘ஷோன் எற்வஸ்’ சேர்த்து ‘ஸீ இஸ்ட் ஷோன் எற்வஸ் எல்ற்றர்’ என்றால், ‘அவருக்குக் கொஞ்சம் வயது போய்விட்டது’ என்று தானாகவே நிற்கும். (இந்த ‘ஷோன்’ ‘ஏற்கெனவே’ என்ற பொருளுடையது, அழகு என்ற ‘ஷோன்’ இரண்டு புள்ளி ‘ஓ’ கொண்டது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தாலும் ஒலி வேறு.)

உறவுமுறைச் சொல் வந்தால் மட்டும் கணக்கு மாறும். ‘அய்ன் எல்ற்றரர் ப்ரூடர்’ என்பதில் ‘அல்ஸ்’ இல்லாவிட்டாலும் அது உண்மையான ஒப்பீடு: அண்ணன். சகோதரன் என்ற சொல்லுக்குள்ளேயே ‘யாருக்கு?’ என்ற ஆள் இருப்பதால் அளக்கும் புள்ளி அவராகிவிடுகிறார். அண்ணனுக்கு ஆறு வயதாகவும் இருக்கலாம்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): ‘மய்னெ ஷ்வெஸ்டர் இஸ்ட் எல்ற்றர் அல்ஸ் மிஹ்’ என்று எழுதினேன். ‘மிஹ்’ பிழை, ‘இஹ்’ என்று திருத்தித் தந்தார்கள். ‘என்னை விட’ என்றால் ‘மிஹ்’ தானே வர வேண்டும்?

தமிழ் வாய்க்கு மிக இயல்பாக வருகிற பிழை இது. ‘என்னை’ என்பதில் இரண்டாம் வேற்றுமை ‘ஐ’ இருக்கிறது. ஜேர்மனில் ‘என்னை’க்கு ‘மிஹ்’. ஆகவே கை தானாக ‘மிஹ்’ எழுதுகிறது. ஆனால் அந்த ‘ஐ’யைக் கேட்பது நம் ‘விட’ என்ற சொல். தமிழிலேயே ‘என்னிலும் பார்க்க’ என்று சொல்லும்போது ‘ஐ’ காணாமல் போகிறது. பழைய இலக்கணம் ‘இன்’ என்ற ஐந்தாம் வேற்றுமையால் ஒப்பிடுகிறது. அங்கேயும் ‘ஐ’ இல்லை. நம் ‘ஐ’ தமிழுக்குள்ளேயே கட்டாயமில்லாதபோது, அதை ஜேர்மனுக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை.

‘அல்ஸ்’ எந்த வேற்றுமையையும் கேட்பதில்லை. அது இரண்டு ஆட்களை நடுவில் நின்று தொடுக்கிற சொல். முன்னால் நிற்பவர் எந்த வேற்றுமையில் நிற்கிறாரோ, பின்னால் வருபவரும் அதே வேற்றுமையில் நிற்பார். ‘மய்னெ ஷ்வெஸ்டர்’ எழுவாய், ஆகவே ‘இஹ்’.

செயப்படுபொருளை ஒப்பிடும்போது ‘அல்ஸ்’ஸுக்குப் பின்னால் இரண்டாம் வேற்றுமை வரத்தான் செய்யும். ‘இஹ் கெனெ டிஹ் பெஸர் அல்ஸ் ஏர்’ என்றால், அவருக்கு உன்னைத் தெரிந்ததை விட எனக்கு உன்னை நன்றாகத் தெரியும். ‘இஹ் கெனெ டிஹ் பெஸர் அல்ஸ் ஈன்’ என்றால், அவரைத் தெரிந்ததை விட உன்னை எனக்கு நன்றாகத் தெரியும். ‘அவரை விட உன்னை எனக்கு நன்றாகத் தெரியும்’ என்ற தமிழ் வாக்கியம் இரண்டில் எது என்று ஐயத்துக்கு இடம் வைக்கிறது. ஜேர்மன் ஒரு குட்டிச் சொல்லை மாற்றிப் பிரித்துக் காட்டிவிடுகிறது. எழுதி முடித்ததும் ‘அல்ஸ்’ஸுக்குப் பின்னால் வினையை மனத்துக்குள் நிரப்பிப் பாருங்கள். ‘எல்ற்றர் அல்ஸ் இஹ் பின்’ ஒட்டுகிறது. ‘அல்ஸ் மிஹ் பின்’ ஒட்டவே ஒட்டாது.

சொல் ஒழுங்கும் தலைகீழ். நமக்கு ‘என்னை விட’ முன்னால், ‘மூத்தவர்’ பின்னால். அவர்களுக்கு ‘எல்ற்றர்’ முன்னால், ‘அல்ஸ் இஹ்’ பின்னால். ஜேர்மனியில் சிலர் பேச்சில் ‘எல்ற்றர் வீ இஹ்’ என்று சொல்வதைக் கேட்பீர்கள். பரீட்சைத் தாளில் அது பிழை. ‘வீ’ சமமானவற்றுக்கு உரியது: ‘ஸோ அல்ற் வீ இஹ்’, என் வயதுதான்.

கேள்வி (பம்பலப்பிட்டி): கைபேசியில் அந்த இரண்டு புள்ளியைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. புள்ளி இல்லாமல் அனுப்பினால் விளங்காதா?

வேறு பொருளில் விளங்கும், அதுதான் ஆபத்து. புள்ளியை எடுத்துவிட்டால் ‘எல்ற்றர்’ ‘அல்ற்றர்’ ஆகிவிடும். அது ஜேர்மனில் ஏற்கெனவே இருக்கிற சொல். பெரிய எழுத்தில் தொடங்கினால் ‘வயது’. விண்ணப்பப் படிவத்தில் அந்தச் சொல்லைக் கண்டால் உங்கள் வயதை எழுத வேண்டும். சிறிய எழுத்தில் ‘அய்ன் அல்ற்றர் ஃப்ரொய்ன்ட்’ என்றால் பழைய நண்பன், நெடுநாள் பழக்கம். அவனுக்கு இருபது வயதாகவும் இருக்கலாம். ‘அய்ன் எல்ற்றரர் ஃப்ரொய்ன்ட்’ என்றால் வயதில் மூத்த நண்பர்.

விசைப்பலகையில் ‘அ’வுக்குரிய எழுத்தை அழுத்திப் பிடித்தால் புள்ளி வைத்தது மேலே எழும்பும். அதுவும் முடியாத இடத்தில் ‘அ’வுக்குப் பின்னால் ‘எ’க்குரிய எழுத்தைச் சேர்த்து எழுதுங்கள். ஜேர்மன் கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் வாசிக்கும் வரிகளிலும் அப்படித்தான் அச்சிடுகிறார்கள். வெறும் ‘அ’ மட்டும் போடுவதுதான் கூடாது.

கேள்வி (தெஹிவளை): ‘எல்ற்றரர்’ என்று இரண்டு ‘அர்’ வருவது அச்சுப் பிழையா? எங்கே ஒன்று, எங்கே இரண்டு?

அச்சுப் பிழை இல்லை. சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: எல்ற்ற் + அர் + அர். முதல் ‘அர்’ ஒப்பீட்டுக்கு உரியது. அது எங்கேயும் விழாது. இரண்டாவது ‘அர்’ ஆண்பால் எழுவாய்க்கு உரிய ஈறு. அது இடத்துக்கு இடம் மாறும். வாயில் சொல்லும்போது இரண்டும் ஒன்றோடொன்று கரைவதால், காதால் கேட்டு எழுதுபவர்கள் ஒன்றை விழுங்கிவிடுகிறார்கள். ‘மய்ன் எல்ற்றர் ப்ரூடர்’ என்று ஒரே ‘அர்’ போட்டால் வாக்கியம் நொண்டும். புள்ளியும் சேர்த்து விட்டுப்போய் ‘மய்ன் அல்ற்றர் ப்ரூடர்’ ஆகிவிட்டால் அண்ணன் கிழவனாகிவிடுவார்.

வினையோடு தனியே நின்றால் ஈறே இல்லை: ஏர் இஸ்ட் எல்ற்றர். பெயருக்கு முன்னால் வந்தால்தான் ஈறு வரும்.

ஆண்பாலில், ‘மய்ன் எல்ற்றரர் ப்ரூடர்’ வருகிறார், ‘மய்னன் எல்ற்றரென் ப்ரூடர்’ஐப் பார்க்கிறேன், ‘மிட் மய்னம் எல்ற்றரென் ப்ரூடர்’ போகிறேன். ‘டேர்’ முன்னால் வந்தால் எழுவாயிலும் ‘டேர் எல்ற்றரெ ப்ரூடர்’ என்று சுருங்கும், ஏனென்றால் ஆண்பாலைக் காட்டும் வேலையை ‘டேர்’ ஏற்கெனவே செய்துவிட்டது. ‘மய்ன்’ அதைக் காட்டாததால்தான் பெயரடை காட்ட வேண்டியிருக்கிறது. இந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டால் அட்டவணையைப் பாதி மனனம் செய்தாலே போதும். பெண்பால் சுலபம்: ‘மய்னெ எல்ற்றரெ ஷ்வெஸ்டர்’, நான்காம் வேற்றுமையில் ‘மிட் மய்னர் எல்ற்றரென் ஷ்வெஸ்டர்’. அஃறிணைப் பாலில் ‘அய்ன் எல்ற்றரெஸ் கின்ட்’. பன்மையில் ‘எல்ற்றரெ லொய்டெ’, முன்னால் ‘டீ’ வந்தால் ‘டீ எல்ற்றரென் லொய்டெ’.

மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்து அவர்களில் மூத்தவரைச் சொல்ல வேண்டுமென்றால் ‘எல்ற்றர்’ போதாது. ‘அம் எல்ற்றெஸ்டன்’ வடிவம் வேண்டும். உங்களுக்கு மூன்று அண்ணன்மார் இருந்தால் பெரியண்ணா ‘மய்ன் எல்ற்றெஸ்டர் ப்ரூடர்’.

கேள்வி (வத்தளை): குடும்பத்தைப் பற்றி எழுதச் சொன்னால் பெரியப்பா, சித்தப்பா எல்லாருமே ‘ஒங்கல்’ ஆகிவிடுகிறார்கள். பிரித்துச் சொல்ல வழியில்லையா?

‘எல்ற்றர்’, ‘யுங்ஙர்’ இரண்டையும் வைத்துப் பிரிக்கலாம். பெரியப்பா: ‘டேர் எல்ற்றரெ ப்ரூடர் மய்னெஸ் ஃபாட்டர்ஸ்’. சித்தப்பா, அல்லது யாழ்ப்பாண வழக்கில் குஞ்சியப்பா: ‘டேர் யுங்ஙெரெ ப்ரூடர் மய்னெஸ் ஃபாட்டர்ஸ்’. பெரியம்மா: ‘டீ எல்ற்றரெ ஷ்வெஸ்டர் மய்னர் முட்டர்’. ‘ஃபாட்டர்’ என்பதன் கடைசியில் ‘ஸ்’ சேரும். ‘முட்டர்’ பெண்பால், அதற்குச் சேராது. இந்த ‘ஸ்’ஸை விட்டுவிடுபவர்கள் அதிகம்.

பெரியப்பா என்று நாம் அழைப்பவர் பெரியம்மாவின் கணவராகவும் இருக்கலாம். அப்போது அவர் அப்பாவின் அண்ணன் அல்ல. ‘டேர் மன் மய்னர் டன்டெ’ என்ற பொதுச் சொல்லோடு நின்றுவிடுங்கள் (‘டன்டெ’ என்பது பெரியம்மா, சின்னம்மா, மாமி எல்லாருக்கும் பொது). வீசா விண்ணப்பத்தில் உறவை எழுதும்போது வாயில் அழைக்கிற முறையை அல்ல, உண்மையான இரத்த உறவைப் பார்த்து எழுத வேண்டும். சித்தப்பாவின் மகனை ‘தம்பி’ என்று நினைத்து ‘யுங்ஙெரர் ப்ரூடர்’ என்று எழுதிவிட்டால், அவருடைய பெற்றோர் பெயரும் உங்கள் பெற்றோர் பெயரும் பொருந்தாமல் நிற்கும். அவர் ‘கூஸன்’.

சாதாரணப் பேச்சில் ‘மய்னெ க்ரோஸெ ஷ்வெஸ்டர்’, அதாவது ‘என் பெரிய சகோதரி’ என்பதும் அக்காதான். உயரத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை.

கேள்வி (கொழும்பு 13): ஜேர்மனியில் முதியோர் பராமரிப்பு வேலைக்காகப் படிக்கிறேன். ‘அல்ற்றெ மென்ஷன்’, ‘எல்ற்றரெ மென்ஷன்’ இரண்டில் எது மரியாதை?

‘எல்ற்றரெ மென்ஷன்’. முதல் பதிலில் சொன்ன மென்மை இங்கே மரியாதையாக வேலை செய்கிறது. எண்பத்தைந்து வயது அம்மாவையும் ‘அய்னெ எல்ற்றரெ டாமெ’ என்றே சொல்வார்கள். அங்கே யாரும் வயதைக் கணக்கிட்டுக்கொண்டு நிற்பதில்லை. ‘அல்ற்றெ மென்ஷன்’ திட்டு அல்ல. ‘அல்ற்றன்ஹைம்’ (முதியோர் இல்லம்), ‘அல்ற்றன்ஃப்லேகெ’ (முதியோர் பராமரிப்பு) போன்ற கூட்டுச் சொற்களில் ‘அல்ற்’தான் இருக்கிறது. ஆனால் பெயர்ச்சொல் இல்லாமல் ‘டேர் அல்ற்றெ’, ‘டீ அல்ற்றெ’ என்று ஒருவரைச் சுட்டினால் நம் ‘கிழவன்’, ‘கிழவி’ போல விழும். பராமரிப்பு இல்லத்தில் அதை வாயிலேயே எடுக்கக் கூடாது.

வயது போனவரை முறை வைத்து அழைப்பது நம் வழக்கம். ‘அம்மா’, ‘ஐயா’, ‘அம்மம்மா’ என்று வாய் தானாகப் போகும். அங்கே அப்படி ‘ஓமா’ (பாட்டி) என்று அழைத்தால் உரிமை மீறியதாகப் படும். ‘ஃப்ராவ்’ அல்லது ‘ஹெர்’ என்பதோடு குடும்பப் பெயர், பேச்சில் ‘நீங்கள்’ என்ற ‘ஸீ’. அவரே வேறு விதமாக அழைக்கச் சொல்லும்வரை இதுதான் மரியாதை.

குறிப்பேட்டில் மென்மை உதவாது. ‘எல்ற்றரெ பாட்ஸியென்டின்’ (கொஞ்சம் வயது போன பெண் நோயாளி) என்று எழுதினால் அடுத்த முறை வேலைக்கு வருபவருக்கு ஒன்றும் தெரியாது. வயதை எண்ணால் எழுதுங்கள்: ‘83 யாரெ அல்ற்’, அல்லது ‘டீ 83-யேரிகெ பாட்ஸியென்டின்’. எண்ணுக்கும் ‘யேரிகெ’க்கும் நடுவில் சிறுகோடு கட்டாயம். இங்கே ‘அல்ற்’ என்பது அளவுச் சொல் மட்டும். மூன்று மாதக் குழந்தையும் ‘ட்ரை மோனாடெ அல்ற்’ தான்.

தொழிற்பெயரையும் கவனியுங்கள். 2020 ஜனவரி முதல் முதியோர் பராமரிப்பு, நோயாளர் பராமரிப்பு, சிறுவர் நோயாளர் பராமரிப்பு ஆகிய பயிற்சிகள் ஒரே பொதுப் பயிற்சியாகச் சேர்க்கப்பட்டன. புதிய பட்டம் ஆணுக்கு ‘ஃப்லேகெஃபஹ்மன்’, பெண்ணுக்கு ‘ஃப்லேகெஃபஹ்ஃப்ராவ்’. பழைய பாடப்புத்தகத்தில் ‘அல்ற்றன்ஃப்லேகர்’ மட்டுமே இருந்தால் புதியதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (மட்டக்குளி): ‘மிகவும் மூத்தவர்’ என்பதற்கு ‘ஸேர் எல்ற்றர்’ சரியா? ‘மேர் அல்ற்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள்.

இரண்டும் பிழை. ‘ஸேர்’ சாதாரண வடிவத்துக்கு உரியது: ‘ஸேர் அல்ற்’. ஒப்பீட்டு வடிவத்துக்கு ‘ஃபீல் எல்ற்றர்’. கொஞ்சம் என்றால் ‘எற்வஸ் எல்ற்றர்’, இன்னும் என்றால் ‘நொஹ் எல்ற்றர்’. ஆண்டுக் கணக்கை அப்படியே முன்னால் வைக்கலாம்: ‘ட்ஸ்வை யாரெ எல்ற்றர்’, இரண்டு வயது மூத்தவர், இதில் தமிழும் ஜேர்மனும் ஒரே ஒழுங்கு. இரட்டிப்பு என்று வந்தால் ஒப்பீட்டு வடிவமே வேண்டாம்: ‘டொப்பெல்ட் ஸோ அல்ற் வீ’.

‘மேர் அல்ற்’ ஆங்கிலம் கலந்து வருகிற பிழை. நீளமான சொல்லுக்குத் தனிச்சொல் சேர்க்கும் ஆங்கில வழக்கம் ஜேர்மனில் இல்லை. எவ்வளவு நீண்ட பெயரடையானாலும் கடைசியில் ‘அர்’ தான்.

கேள்வி (பொரளை): எந்தச் சொல்லுக்குப் புள்ளி வரும், எதற்கு வராது?

ஓரசைச் சொல்லில் அ, ஓ, உ எழுத்துகள் இருந்தால் புள்ளி வரலாம். அன்றாடம் தேவைப்படுபவை: அல்ற், யுங், லங், குர்ட்ஸ், வர்ம், கல்ற், ஷ்டார்க், ஷ்வஹ், அர்ம், ஹார்ட், க்லூக், டும், க்ரோஸ், ஹோஹ், நா. இரண்டசையில் ‘கெஸுன்ட்’ வழக்கமாகப் புள்ளி எடுக்கும். ‘ஹோஹ்’ மட்டும் ‘ஹோயர்’ ஆகும்போது நடுவில் ஓர் எழுத்தைத் தொலைத்துவிடும்.

க்லார், ஃபொல், ஷ்லங்க், ஃப்ரோ எடுக்காது. ‘அவ்’ ஒலி வரும் சொற்கள் எதுவுமே எடுக்காது, ஆகவே ‘லவ்ட் – லவ்டர்’. ‘ரோட்’, ‘நஸ்’ போன்ற சில இரண்டு விதமாகவும் வழங்குகின்றன. எதை எழுதினாலும் பிழையில்லை.

சூரிச்சில் இருக்கும் உறவினர் ‘க்ரோஸர்’ என்பதை இரண்டு ‘ஸ்’ போட்டு எழுதியிருக்கிறார், எது சரி என்றும் இதே வாசகர் கேட்கிறார். சுவிஸில் அதுவே சரி. ஜேர்மனியில் வழங்கும் வளைந்த ‘ஸ்’ எழுத்தைச் சுவிஸ்காரர் எழுதுவதில்லை. இரண்டு புள்ளி அங்கேயும் உண்டு.

கேள்வி (நுகேகொடை): பெற்றோருக்கு ‘எல்ற்றர்ன்’ என்கிறார்கள். ‘எல்ற்றர்’ என்பதோடு தொடர்புண்டா?

நேரடித் தொடர்பு. ‘அல்ற்’ என்பதன் பழைய ஒப்பீட்டு வடிவமே பெயராகி நின்றுவிட்டது: ‘மூத்தவர்கள்’ என்பதே பெற்றோர். எழுத்து மட்டும் மாறிவிட்டது. பெற்றோருக்குப் புள்ளி ‘அ’ அல்ல, வெறும் ‘எ’. ஒலி இரண்டுக்கும் ஒன்றே, அதனால்தான் சொல்வதெழுதலில் இவ்வளவு பிழை வருகிறது.

இதைவிட அழகானது ‘ஹெர்’. மதிப்புக்குரிய, நரைத்த என்ற பொருளில் இருந்த ஒரு பழஞ்சொல்லின் ஒப்பீட்டு வடிவம் அது. ‘மூத்தவர்’ என்ற லத்தீன் ‘செனியோர்’ போல அமைத்துக்கொண்டது. கொழும்பை ஆண்ட போர்த்துக்கேயரின் ‘சென்யோர்’ அந்த லத்தீன் சொல்லிலிருந்தே வந்தது. ஆக, ‘எல்ற்றரர் ஹெர்’ என்பதில் மூத்தவர் என்ற பொருள் இரண்டு தடவை ஒளிந்திருக்கிறது. சீடருக்கு ஜேர்மன் விவிலியத்தில் வரும் ‘யுங்ஙர்’ என்பதும் ‘இளையவர்’ என்ற ஒப்பீட்டு வடிவமே. பெயர்ச்சொல்லாதலால் பெரிய எழுத்தில் தொடங்கும், பன்மையிலும் மாறாது.

நாம் பெரிய ஐயா, சின்ன ஐயா என்பதுபோல, ஒரே பெயருள்ள தந்தையையும் மகனையும் பிரிக்கவும் இவை பயன்படும். ஓவியர் லூக்காஸ் க்ரானாஹ் ‘டேர் எல்ற்றரெ’ (1472–1553), அவர் மகன் ‘டேர் யுங்ஙெரெ’ (1515–1586). இங்கேயும் ஈறு மாறும்: தந்தையின் ஓவியம் என்றால் ‘ஃபொன் லூக்காஸ் க்ரானாஹ் டேம் எல்ற்றரென்’.

கேள்வி (கிருலப்பனை): ‘வயது ஏற ஏற நித்திரை குறைகிறது’ என்பதை ஜேர்மனில் எப்படிச் சொல்வது?

தமிழ் ‘ஏற ஏற’ என்று வினையை இரட்டிக்கிறது. ஜேர்மன் ‘யே … டெஸ்டோ’ என்ற இரு சொல்லுக்குள் இரண்டு ஒப்பீட்டு வடிவங்களை வைக்கிறது: ‘யே எல்ற்றர் இஹ் வேர்டெ, டெஸ்டோ வேனிகர் ஷ்லாஃபெ இஹ்’. முதல் பாதியில் வினை கடைசிக்குப் போகும், நம் தமிழ் போலவே. இரண்டாம் பாதியில் ‘டெஸ்டோ வேனிகர்’ என்பதை அடுத்து உடனே வினை, அதன் பிறகே ‘இஹ்’. தமிழர் பிழை விடுவது பெரும்பாலும் இந்த இரண்டாம் பாதியில்தான். ‘டெஸ்டோ வேனிகர் இஹ் ஷ்லாஃபெ’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘டெஸ்டோ’வுக்குப் பதில் ‘உம்ஸோ’வும் போடலாம்.

ஒரே ஒரு விடயம் ஏறிக்கொண்டே போகிறது என்றால் ‘இம்மர்’ போதும். ‘டீ மென்ஷன் வேர்டன் இம்மர் எல்ற்றர்’ என்று செய்தியில் வந்தால், மக்களின் ஆயுள் கூடிக்கொண்டு போகிறது என்று பொருள். ‘யே’ வாக்கியத்தில் இரண்டு பாதிக்கும் நடுவில் காற்புள்ளி கட்டாயம்.